நாங்கள் ஒத்திகை பார்க்காத மணி

மூன்று வருடங்களுக்கு முந்திய தை மாதம் அது. காலபோக நெல் முற்றி வெட்டுக்கு நிற்கிற நேரம். கண்டாவளைப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னக் கத்தோலிக்கக் கோயிலில், ஞாயிறு காலைப் பூசையில் இது நடந்தது. இன்றைக்கும் அந்தக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த நாள் ஞாபகம் வந்து தனியே சிரிப்பேன். சிரித்து முடிக்க முதல் கண்ணும் கொஞ்சம் கலங்கிவிடும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் சைவக்காரர். அப்பாவின் குடும்பம் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்தது. இப்போது இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கிறோம். அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. மற்றவர்களின் வயலில் வரம்பு கட்டியும் களை பிடுங்கியும்தான் எங்களை வளர்த்தார். எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள் நான். படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கப் போனேன். அங்கே சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள் அவள்.

அவள் கத்தோலிக்கப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தலைமுறைக்கு முதலே வந்து, குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து, வயலும் உழவு மெசினுமாக நிமிர்ந்த குடும்பம். சமயம் வேறு, ஊர் வேறு, தோட்டத்தில் இருந்து வந்த எங்களைப் போன்ற ஆட்களைச் சிலர் எப்படி இழிவாகக் கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் போய்விட்டது. என்ன செய்வது?

அவள்தான் துணிந்து வீட்டில் சொன்னாள். அவளுடைய அம்மா அழுதாவாம். அப்பா அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. என்னை வரச்சொன்னார்.

அவர் அந்தக் கோயிலின் மூப்பர். சுவாமியாருக்கு அடுத்ததாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் மூப்பர் என்றுதான் சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் அதன் நுனியில் இருந்தேன். என் சம்பளத்தைக் கேட்பார், காணியைக் கேட்பார், சமயம் மாறுவியோ என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்துப் பதில் ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, ஒரு ஞாயிறு உங்கட வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு எங்கட கோயிலுக்குப் பூசைக்கு வாங்கோ. எப்பிடி இருக்கிறியள் எண்டு பாப்பம். பிறகு கதைப்பம்."

அவ்வளவுதான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சைக்கிளில் வரும் வழியெல்லாம் 'எப்பிடி இருக்கிறியள் எண்டு பாப்பம்' என்ற அந்த ஒரு வசனம்தான் தலைக்குள் ஓடியது.

அவளிடம் சொன்னபோது அவள் பெருமூச்சு விட்டாள். "அது சோதினைதான். அப்பா ஆக்களைக் கோயிலுக்குள்ள வைச்சுத்தான் நிறுக்கிறவர்."

மூப்பரைப் பற்றி அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூசை நேரத்தில் அவர் நிலத்தில் இருக்கமாட்டாராம். பக்கச் சுவரோடு நின்றுகொண்டே இருப்பாராம். யாருக்கும் பேச்சு இல்லை, ஏச்சு இல்லை. நடந்து வருவார். அவர் நடக்கத் தொடங்கினால் பிள்ளைகளின் முதுகு தானாக நிமிரும். கதைக்கிறவர்களின் வாய் தானாக மூடும். பெரிய ஆட்களாக இருந்தாலும் விடமாட்டார். குறும்பு செய்கிறவர்களைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் வாசல் படியில் நிறுத்திவிடுவார்.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ. நான் எல்லாம் சொல்லித் தாறன்" என்றாள் அவள்.

அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசியில் பாடம் நடந்தது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். பெண்கள் தலையில் முக்காடு போடவேண்டும். செருப்பு வெளியே. போனை நிறுத்திவிடவேண்டும். வாயில் வெற்றிலை கூடாது. பூசை நடக்கும்போது பீடத்துக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாது. கால் நீட்டி இருக்கக்கூடாது. மற்றவர்கள் எழும்பினால் எழும்பவேண்டும், முழந்தாளிட்டால் முழந்தாளிடவேண்டும். நன்மை எடுக்க, அதாவது சுவாமியார் கொடுக்கிற அப்பத்தை வாங்க, எல்லோரும் வரிசையில் போகும்போது நாங்கள் போகாமல் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அது ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை எடுத்தவர்களுக்கு உரியது. எல்லாவற்றையும் சோதினைக்குப் படிக்கிற மாதிரிப் படித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் முற்றத்தில் ஒத்திகை. ஒரு கதிரைதான் பீடம். இந்தப் பக்கம் அப்பாவும் நானும், அந்தப் பக்கம் அம்மாவும் அக்காவும். அக்காவின் மகளுக்கு அப்போது ஐந்து வயது. தான்தான் சுவாமியார் என்று அவளே அறிவித்து, அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு கதிரைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். "எந்திரிங்க" என்பாள், எழும்புவோம். "முட்டி போடுங்க" என்பாள், போடுவோம். அவளுக்கு அந்த அதிகாரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தேவையில்லாமலும் எங்களை எழுப்பி எழுப்பி இருத்தினாள்.

"மாமா, அங்க பேசவே கூடாதா?" என்று கேட்டாள்.

"கூடாது."

"ஏன், சாமி தூங்குதா?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "நம்ம கோயில்ல மேளம், நாதஸ்வரம், மைக் செட்டு எல்லாம் போட்டாத்தான் சாமி திரும்பிப் பாக்குது. அந்தச் சாமிக்குக் காது நல்லாக் கேக்கும் போல இருக்கு, புள்ள."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. முழங்காலில் நோ உள்ள மனிசன். ஆனாலும் விழுந்து எழும்பிப் பழகிக்கொண்டே இருந்தார். போதும் என்று சொல்லியும் விடவில்லை. "படிச்சவன் நீ சொல்லிக் குடுத்திட்ட. என்னால உனக்குக் கொறை வராதுடா தம்பி" என்றார்.  நான் கதிரையைத் தூக்கி உள்ளே வைத்து ஒத்திகையை முடித்தேன்.

ஞாயிறு விடிய எல்லோரும் குளித்து வெளிக்கிட்டோம். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டுடன் சாமிப்படத்துக்கு முன்னால் நின்றார். கை திருநீற்றுச் சட்டிக்குள் போனது. பிறகு அப்படியே நின்றுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பூசவா? வேணாமா?"

என் வாழ்நாளில் அப்பா இதை யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.  அவள் சொல்லித் தந்த பாடத்தில் இது இருக்கவில்லை. முற்றத்துக்குப் போய் அவளுக்கு அழைத்தேன். கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பூசிக்கொண்டே வரட்டும்! எங்கட அப்பா என்ன, உங்கட அப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கவோ கூப்பிட்டவர்?"

உள்ளே வந்து "பூசுங்கப்பா" என்றேன். நெற்றி நிறைய மூன்று குறியாகப் பூசுகிறவர், அன்றைக்கு நகத்தால் கீறின மாதிரி மெல்லிசாக ஒரே ஒரு கோடு இழுத்துக்கொண்டார்.  ஓட்டோவில் போகும்போது அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

கோயில் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் அம்மா வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, தன் வெற்றிலைப் பையை ஓட்டோக்காரரின் கையில் கொடுத்தா.

"என்னம்மா, இண்டைக்கு உண்ணாவிரதமோ?" என்றார் அவர்.

"மகன் கல்யாணம் தம்பி. ஒரு மணித்தியாலம் தாங்கிக்கிருவேன்" என்றா அம்மா.

வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. நம்ம கோயில் மாதிரியேதானே என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னா. அந்தச் சொல் அப்பாவின் காதிலும் விழுந்திருக்கவேண்டும். நான் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், அப்பா வாசல் படியில் நின்று சேட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்! எங்கள் பிள்ளையார் கோயிலில் ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மூன்றாவது பொத்தானில் நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"அப்பா, வேணாம்! இங்க சேட்டோடதான்."

அப்பா அவசரமாகத் திரும்பப் பூட்டும்போது ஒரு பொத்தானை மாற்றிப் பூட்டிவிட்டார். நிமிர்ந்தால், உள் வாசலில் மூப்பர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்கோ. உள்ளுக்கு இருங்கோ" என்றார். 

நிலத்தில் பாய் விரித்திருந்தது. அப்பாவும் நானும் வலப்பக்கம் நடுவில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அக்காவின் மகள் பெண்கள் பக்கத்தில் இருந்து ஓடிவந்து அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டாள். சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். மூப்பரின் மகள் முன்னால் பாடகர் குழுவோடு இருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவும் ஒழுங்கில் ஒன்று என்று விளங்கிக்கொண்டேன்.

பூசை தொடங்கியது. அவள் சொன்னபடியே மூப்பர் சுவரோடு நின்றார். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெடியன் குனிந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தான். மூப்பர் நடந்து வந்தார். அவன் முன்னால் உள்ளங்கையை நீட்டினார். பெடியன் போனை அந்தக் கையில் வைத்தான். அது மூப்பரின் சேட்டுப் பைக்குள் போனது. அவர் திரும்பிப் போய்ச் சுவரோடு நின்றார். பிறகு சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனின் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். பிரசங்கம் முடியும் வரைக்கும் அவன் வாசல் படியில்தான் நின்றான்.

"மாமா, அந்தத் தாத்தா எல்லாரையும் புடிச்சிட்டுப் போறாரா?" என்று அக்காவின் மகள் என் காதுக்குள் கேட்டாள். நான் விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் பொம்மை மாதிரி இருந்தாள்.

எங்களுடைய ஆட்கள் ஒரு பிழையும் விடவில்லை. எழும்பவேண்டிய நேரம் எழும்பினார்கள், இருக்கவேண்டிய நேரம் இருந்தார்கள். அப்பாதான் எனக்கு ஆச்சரியம். பக்கத்து ஆளைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒரு நொடி பிந்தாமல் எல்லாம் செய்தார். சுவாமியார் பிரசங்கம் வைத்தபோது கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பூசை பாதி கடந்ததும் என் தோளில் இருந்த பாரம் மெல்ல இறங்கியது. சோதினையில் கடைசிக் கணக்குக்கு வந்துவிட்ட பிள்ளையைப் போல இருந்தேன்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். நாங்களும் முழந்தாளிட்டோம். பாட்டு நின்றது. இருமல்கூட இல்லை. தூரத்து வயலில் நெல் வெட்டுகிற மெசினின் சத்தம் மட்டும் சன்னமாகக் கேட்டது. சுவாமியார் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிவிட்டு, வெள்ளை அப்பத்தை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்தினார்.

அந்த நேரம் பீடத்துக்குப் பக்கத்தில் இருந்து மணி அடித்தது.

மணியைப் பற்றி அவள் எனக்குச் சொல்லவில்லை. பிறந்ததில் இருந்து கேட்டுவருகிற மணி, சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் கோயில்களில் மணி அடித்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மணி அடித்து, ஐயர் தீபத்தைத் தூக்கிக் காட்டினால் கை தலைக்கு மேலே போகும். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்களும் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

"அரோகரா!"

அப்பாவின் குரல். வயலின் இந்த முனையில் நின்று அந்த முனைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். இரண்டு கைகளும் தலைக்கு மேலே குவிந்திருந்தன. கோயிலின் கூரை அதிர்ந்த மாதிரி இருந்தது. அது அடங்க முதல், அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் நின்ற அக்காவின் மகள், தாத்தா குரல் கொடுத்தால் தான் கொடுக்கவேண்டியதைச் சரியாகக் கொடுத்தாள்.

"அரோகரா!"

பெண்கள் பக்கத்தில் அம்மாவின் கைகளும் பாதி வரைக்கும் எழும்பி, அங்கேயே நின்றுவிட்டன.

அந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. மணி அடித்த பெடியன் மணியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ தலைகள் திரும்பின. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினார்கள். பாடகர் குழுவில் அவள் முக்காட்டை முகத்தில் பொத்திக் குனிந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, கை தலைக்கு மேலே, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சுவாமியாரோ அப்பத்தை இறக்காமல் அப்படியே உயர்த்திப் பிடித்திருந்தார்.

மூப்பர் சுவரை விட்டு நடக்கத் தொடங்கினார்.

எங்களைத் தாண்டி வேறு எங்காவது போகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. எங்களை நோக்கித்தான். அக்காவின் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கையைப் பிடித்து அவர் வெளியே கொண்டுபோகப் போகிறார், நானும் கூடவே எழும்பிப் போய் அந்தப் படியில் அப்பாவோடு நிற்பேன் என்று அந்தச் சில நொடிகளுக்குள் முடிவு எடுத்துவிட்டேன். கல்யாணம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, அப்பா தனியே நிற்கக்கூடாது.

மூப்பர் வந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு, வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பாய் இல்லாத வெறும் நிலத்தில், அப்பாவின் தோளோடு தோள் முட்ட முழந்தாளிட்டார்.

கை இரண்டையும் குவித்துப் பீடத்தைப் பார்த்தார். திரும்பியிருந்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக முன்னுக்குத் திரும்பின. அதற்குப் பிறகுதான் சுவாமியார் அப்பத்தைப் பீடத்தில் வைத்துப் பணிந்தார்.

அப்போதுதான் அப்பா கண்ணைத் திறந்தார். பக்கத்தில் மூப்பரைக் கண்டார். சுற்றிலும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நடந்தது விளங்கிவிட்டது. கைகள் தலையில் இருந்து மெல்ல இறங்கின. முகம் இருண்டுபோனது.

அடுத்ததாகச் சுவாமியார் இரசக் கிண்ணத்தை உயர்த்தும்போது திரும்பவும் மணி அடித்தது. அப்பா சட்டென்று வலக்கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் பொத்துவார்களே, அப்படி. கண்கள் மட்டும் பெரிதாகக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூப்பர் அதைக் கண்டார். கையை நீட்டி, வாயைப் பொத்தியிருந்த கையை மெதுவாக இறக்கிவிட்டார். இறக்கிவிட்டுத் தன்னுடைய குவித்த கையை நெஞ்சுக்கு நேரே காட்டினார். அப்பாவும் அதே மாதிரிக் குவித்தார்.

நன்மை எடுக்க எல்லோரும் வரிசையில் போனார்கள். நாங்கள் பாடம் பண்ணியபடி இருந்த இடத்திலேயே இருந்தோம். மூப்பரும் போய் நன்மை எடுத்தார். எடுத்துவிட்டுச் சுவருக்குப் போவார் என்று பார்த்தேன். அவர் திரும்பி வந்து, அப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டார். பூசை முடியும் வரைக்கும் யாரையும் கவனிக்க எழும்பவே இல்லை. அன்றைக்குப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு நல்ல கொண்டாட்டம்.

பூசை முடிந்து வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்றோம். யாரும் எங்களை ஏசவில்லை. ஆனால் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அதற்குள் அக்காவின் மகளுக்கு அங்கே ஐந்தாறு கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். கையைத் தலைக்கு மேலே எப்படி வைக்கவேண்டும் என்று அவள் அவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஓடிப்போய் அவளை இழுத்துக்கொண்டு வந்தா.

மூப்பர் வெளியே வந்தார். போன் பறிகொடுத்த பெடியன் அதை வாங்க அவருக்குப் பின்னாலேயே வந்தான். நாலு பேர் நிற்கிற தைரியத்தில், "என்ன மூப்பர், வாற கிழமை காவடியும் வருமோ?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்தார்.

மூப்பர் போனை எடுத்து அவன் கையில் வைத்தார். கையை உடனே விடவில்லை.

"மணி அடிக்கேக்க நீ என்னத்தைப் பாத்தனி?" என்று கேட்டார்.

அவன் முழித்தான்.

"சொல்லன். பீடத்தைப் பாத்தனியோ, பின்னுக்குத் திரும்பி இவரைப் பாத்தனியோ?"

பெடியன் கையை உருவிக்கொண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிற பக்கம் போய்விட்டான். சிரித்தவர்களும் கலைந்துவிட்டார்கள்.

அப்பா இரண்டு அடி முன்னால் வந்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். காணிக்காரரிடம் கூலிக்குப் போய் நிற்கும்போது அப்படித்தான் நிற்பார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிக்கங்க ஐயா. மகன் எல்லாஞ் சொல்லித்தான் கூட்டியாந்தான். அவன் மேல தப்பு இல்ல. வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். மணி அடிச்சி சாமியத் தூக்கிக் காட்டினாங்க. கும்புடாம எப்படிங்க இருக்கிறது?"

மூப்பர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது சாமி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? மகனோ?"

நான் சொல்லியிருக்கவில்லை. எழும்பச் சொன்னேன், இருக்கச் சொன்னேன், கதைக்கவேண்டாம் என்றேன். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே அது சரியாகத் தெரியாது.

"யாருஞ் சொல்லலீங்க" என்றார் அப்பா. "அந்தச் சாமியாரு தூக்கின விதத்தப் பாத்தாலே தெரியுதே. கை ரெண்டும் நடுங்காம, அவ்வளவு பதமாத் தூக்கினாரு. அத்தன பேரும் மூச்சு விடாம இருந்தாங்க. சாமி இல்லாம பின்ன யாருக்கு அப்படி இருப்பாங்க?"

மூப்பர் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு அப்பாவுக்குக் கிட்டப் போய், காலையில் அவசரத்தில் மாறிப் பூட்டியிருந்த அந்தப் பொத்தானைக் கழற்றி, சரியான துளையில் பூட்டிவிட்டார். பூட்டிவிட்டு, அங்கால நின்ற தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும், சம்பந்தியாக்கள் இன்னும் வெறும் வயித்தோட நிக்கினம். வீட்டை கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாட்டைப் போடும்."

சம்பந்தியாக்கள். அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா உடனே முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டா, கண்ணீரை மறைக்க. அவளுடைய அம்மா வந்து எங்கள் அம்மாவின் கையைப் பிடித்தா. பிடித்த கையோடு எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, வீட்டில் வெற்றிலை இருக்கா என்பது. இருந்ததாம்.

போகும் வழியில் அவள் எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "உம்மை அழவைச்சிட்டம்" என்றேன்.

"ஆர் அழுதது? சிரிப்பை அடக்க ஏலாமல் முக்காட்டைக் கடிச்சுக்கொண்டிருந்தனான்" என்றாள். பிறகு முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா போய் முழந்தாளில இருந்தவுடனதான் அழுகை வந்தது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து பூசை நேரத்தில அவர் நிண்டுதான் நான் கண்டிருக்கிறன்."

அடுத்த வருடம் அதே கோயிலில், சுவாமிமாருக்குத் தலைவரான ஆயரின் அனுமதியோடு எங்கள் கல்யாணம் நடந்தது. நான் சைவக்காரனாகவே இருக்கிறேன். அவள் தன் சமயத்தில் இருக்கிறாள். கல்யாணப் பூசையில், அப்பத்தை உயர்த்துகிற நேரம் எழுந்தேற்ற மணி அடித்தபோது, கோயிலில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்களாம். மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. நெற்றி நிறைய மூன்று குறித் திருநீறு, இரண்டு கைகளும் தலைக்கு மேலே, கண் மூடியபடி. பக்கத்தில் மூப்பர் முழந்தாளில். கையை இறக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

அவள் தொலைபேசியில் எனக்குச் சொல்லித் தந்த ஒழுங்குகளை நான் இன்றைக்கும் ஒன்று விடாமல் கடைப்பிடிக்கிறேன். அவை தேவை. பக்கத்தில் இருக்கிறவர் தன் பாரத்தை எல்லாம் இறக்கி வைக்க வந்திருப்பார், அவருக்கு அந்த அமைதி வேண்டும். மாமா, அதாவது மூப்பர், இப்போதும் சுவரோடுதான் நிற்கிறார், இப்போதும் போனைப் பறிக்கிறார். ஆனால் மணி அடிக்கிற நேரம் மட்டும் எங்காவது ஓர் இடத்தில் முழந்தாளிட்டுவிடுகிறார்.

எங்கள் மகனுக்கு இப்போது ஒரு வயது. ஞாயிறுகளில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நானும் அந்தப் பாயில் இருக்கிறேன். சத்தம் போடாமல், கால் நீட்டாமல், எல்லாம் சரியாகத்தான் இருப்பேன். ஆனாலும் மனம் சில நாள் திருத்தாத பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குப் போய்விடும், சில நாள் வயலுக்குப் போய்விடும். அப்போது மணி அடிக்கும். அந்தச் சின்ன மணிக்குள் இருந்து அப்பாவின் பெரிய குரல் எனக்கு மட்டும் கேட்கும், எங்கே போயிருந்தாலும் நான் திரும்பி வந்துவிடுவேன்.